கழுத்துப்பட்டை

கான்சஸ் சிட்டி, மிசௌரி
ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எப்படி இருக்கிறீர்கள்? நாலு நாளாகப் பனி கொட்டுகிறது. பள்ளிக்கும் லீவு விட்டுவிட்டார்கள். நல்லவேளை, போன வாரமே நூலகத்திலிருந்து ஒரு டிவிடி எடுத்து வந்திருந்தேன். இங்கே புத்தகத்தோடு படமும் காசில்லாமல் இரவல் தருவார்கள்.

'லேடி அண்ட் த டிராம்ப்', 1955இல் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படம். வீட்டில் செல்லமாய் வளர்ந்த பெட்டை நாய்க்கும் ஒரு தெருநாய்க்கும் வருகிற காதல்தான் கதை. பாப்பாவுக்கென்று போட்டேன், அழுதது நான்தான்.

பாதி நேரம் மனுஷர்களின் முழங்காலும் செருப்பும்தான் தெரியும். எல்லாமே நாயின் கண் உயரத்தில். வீட்டின் உள்பக்கத்தைச் சின்ன மாதிரியாகச் செய்து, தாழ்வாக வைத்துப் படம்பிடித்துப் பார்த்துத்தான் வரைந்தார்களாம்.

ஹோட்டலுக்குப் பின்னால் சந்தில் இரண்டும் ஸ்பகெட்டி சாப்பிடும். ஒரே இழையின் இரு நுனியும் இருவர் வாயிலும் இருக்க, மென்றுகொண்டே வந்து மூக்கோடு மூக்கு முட்டிவிடும். லேடி வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு டிராம்ப், மிச்சமிருக்கும் ஒரே கறி உருண்டையை மூக்காலேயே அவள் பக்கம் உருட்டிவிடுவான். கடைசி மீன் துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு "எனக்குப் போதும்டி" என்பாயே, அதேதான் அக்கா. இந்தக் காட்சியே வேண்டாம் என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். ஃபிராங்க் தாமஸ் என்ற ஓவியர் விடாமல் வரைந்து காட்டித்தான் அவர் மனசை மாற்றினாராம்.

சயாமியப் பூனைகள் இரண்டு வரும் இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசியக்காரர்களைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது. பாப்பாவிடமும் அது தப்பு என்று சொன்னேன்.

டிராம்புக்குக் கழுத்துப்பட்டை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு. ஜெர்மன்காரர் வீட்டில் ஃபிரிட்ஸி, ஐரிஷ்காரர் வீட்டில் மைக். உடனே மணி ஞாபகம்தான். நமக்கு மணி, எதிர்வீட்டுக்கு ராஜா, டீக்கடைக்குக் கருப்பன். மூன்று பேருக்கும் வாலாட்டுவான். எங்கள் தெருவில் அப்படி ஒரு நாயைப் பார்க்க முடியாது. எல்லாம் லைசென்ஸும் பட்டையுமாக, ஆள் கூடவேதான் நடக்கும். ஆறு மாதமாக ஒரு நாய் கூட என் காலை முகர்ந்ததில்லை.

படம் முடியும்போது டிராம்ப் கழுத்தில் பட்டை ஏறிவிடுகிறது. பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "மணிக்கு இருக்காம்மா?" என்று கேட்டாள். நேற்றே சிவப்பில் ஒன்று பார்த்து வைத்தேன். பொங்கல் வேலை ஓய்ந்ததும் அவன் கழுத்தை நூல் வைத்து அளந்து எழுது. அளக்கும்போது கையில் பொறை வைத்துக்கொள், இல்லாவிட்டால் நிற்க மாட்டான்.

அன்புடன்,
உன் தங்கை