பேனல் வந்துவிட்டது, கடிதம்தான் வரவில்லை

தூய மின்சாரத்துக்காக இலங்கை மலையகத்துக்கு உதவி அனுப்பும் அறக்கட்டளைகளுக்கும், வெளிநாடுகளில் இருந்து காசு சேர்த்து அனுப்பும் சங்கங்களுக்கும்,

வணக்கம். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வயரிங் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவர் அனுப்பிய பன்னிரண்டு சோலார் பேனல்கள் எங்கள் வாசிகசாலைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பிள்ளை மடுவத்துக் கூரைக்கென்று வந்தவை; வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. மழைக்காலத்தில் அட்டைப்பெட்டியின் அடி ஊறிப்போனதால் நாலு செங்கல் வைத்துத் தூக்கி வைத்திருக்கிறேன். அன்பளிப்புச் செய்தவர் பெயர்ப்பலகை மட்டும் மூன்று மொழியிலும் எழுதி, பேனல் வந்த வாரமே மாட்டியாகிவிட்டது. ஆணி அடித்ததும் நான்தான்.

பலகை மாட்டிப் பதினான்கு மாதமாகிறது. பேனலைப் பூட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்த இடத்தில் முதலில் கேட்டது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். தோட்டத்துக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்கள் தனியாரிடம் போன பிறகு கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. நாலு தலைமுறையாக லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சரி, கம்பெனிக் கடிதம் வாங்கலாம் என்று தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் போனோம். நல்ல மனிதர், அன்றைக்கே மேலே எழுதினார். குத்தகையில் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மேலிருந்து பதில் வந்தது. இன்னும் பார்க்கிறார்கள். இதற்கிடையில் வேறொரு அலுவலகம் கட்டட வரைபடம் கேட்டது. வெள்ளைக்காரன் காலத்து மடுவத்துக்கு வரைபடத்தை எங்கே போய்த் தேடுவது? எங்கள் சோலார் மின்சாரத்தை ஏற்க ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கிறதா என்று தமிழில் எழுதிக் கேட்டோம், சிங்களத்தில் பதில் வந்தது. ஹட்டனில் படிக்கிற பையன் ஒருவன் வாசித்துச் சொன்னான்: எங்கள் விண்ணப்பக் கோவையில் (ஃபைலில்) இணைக்க வேண்டிய ஒரு காகிதம் குறைகிறதாம். எந்தக் காகிதம் என்று அதில் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த வருடம் பேனலுக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை, அனுமதி நகர்வதற்குக் கொடுங்கள்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் 2010இலிருந்து 2018 வரை, முழுமையான சுற்றாடல் தாக்க அறிக்கை ஒன்றை முடிக்கச் சராசரியாக நாலரை வருடம் போயிருக்கிறது. 2023 முடிவில் அங்கே மின்வலையமைப்பில் சேர வரிசையில் நின்ற திட்டங்கள் சுமார் 2,600 கிகாவாட். நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த மின்நிலையங்களைப் போல் இரண்டு மடங்கு. அதைப் பார்த்துத்தான் அங்கே சில கொடையாளர்கள் சட்டம் தெரிந்தவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் காசு கொடுத்து, அனுமதி முறையைச் சீராக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தவணையே போட்டுவிட்டது: புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென்று ஒதுக்கிய பகுதிகளில், தரையில் அமையும் திட்டங்களுக்கு அனுமதி முடிய ஒரு வருடம். நம் நாடும் 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று சொல்லியிருக்கிறது. சொன்னதுக்கும் எங்கள் வாசிகசாலைச் சுவருக்கும் நடுவில்தான் இந்தக் கோவை கிடக்கிறது.

ஆனால் ஒன்று. அனுமதியைச் சுருக்குங்கள் என்று கேட்பதைச் சோதனையைக் கைவிடுங்கள் என்று எடுத்துவிடாதீர்கள். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடிப்பு விட்டன. அதுவும் தூய மின்சாரம்தான், 120 மெகாவாட். அதே வருடம் ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அதைப் பார்த்த எங்களிடம் வந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வீண் தாமதம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த அறிக்கை வேண்டும். அதை எழுதுகிறவர் மாதக்கணக்கில் இல்லாமல் வாரக்கணக்கில் வந்து மலையைப் பார்க்க வேண்டும். ஆளும் வாகனமும் கருவியும் இருந்தால் அது நடக்கும், உங்கள் காசு அங்கே போகட்டும்.

ட்ரான்ஸ்போமரில் இடமில்லை என்று சொல்கிற பொறியியலாளரையும் நான் திட்டமாட்டேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டபோது பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று சொன்னதை வைத்து எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அன்றைக்கு மின்தேவை குறைவு, சோலார் அதிகம். ஒரு தடுமாற்றத்தைத் தாங்கும் தெம்பு வலையமைப்பில் இல்லை. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலாரை அணைத்து வைக்கச் சொல்லியே கேட்டார்கள். ஆகவே இல்லையென்றால் இல்லை. எந்த ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை மூன்று மொழியிலும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தால், உங்கள் பேனல் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பது பெட்டி கட்டும் முன்பே தெரிந்துவிடும். அப்படி ஒரு பட்டியலைத் தயாரிக்க ஆகும் செலவு, ஒரு திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற செலவைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் கணக்கு.

அப்புறம் காணி உறுதி விஷயம். ஒரு நல்ல சட்டத்தரணியை அமர்த்தி, தோட்டத்துப் பொதுக் கட்டடங்களுக்கென்று கம்பெனிகள் ஏற்கிற மாதிரி ஒரே ஒரு சம்மதக் கடிதத்தை எழுதி வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு மடுவத்துக்கும் ஒவ்வொரு துரையும் புதிதாக எழுதி, கொழும்பு புதிதாக யோசிக்கிற வேலை மிச்சமாகும். பிரதேச செயலகத்துக்கு அருகில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரை, விண்ணப்பக்காரருக்குக் கோவை கட்டித் தருவதற்கென்றே உட்கார வையுங்கள். அவருக்குச் சம்பளம் நீங்கள் கொடுக்கலாம். கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கு மட்டும் நேரடியாக எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதற்கு ஊரில் வேறு பெயர். அரசாங்கத்துக்கு உதவுவதென்றால் எழுத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, எந்தத் திட்டத்தோடும் முடிச்சுப் போடாமல் கொடுங்கள்.

இந்தச் செலவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்க முடியாது, தெரியும். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆணி என்னிடம் இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அரசாங்க அலுவலகத்தில் ஆட்களைச் சந்திக்கிற பொதுமக்கள் தினத்தில் வாருங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் வாங்கில் இடம் கிடைக்கும். கோவையை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வாசிகசாலைச் சாவியை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன்