பாடசாலைப் பிள்ளைகளின் நீரிழிவை உரிய வேளையில் கண்டறிதலும் பாடசாலை நேரப் பராமரிப்பும் தொடர்பான கோரிக்கை மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
மட்டக்களப்பு.

பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள், மட்டக்களப்பு மேற்கு கல்வி வலயம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வெவ்வேறு கிராமங்களில் வசிக்கும், இன்சுலின் ஏற்றும் பிள்ளைகளைப் பெற்ற ஏழு குடும்பத்தினர். வாவியைக் கடந்து மாதாந்தக் கிளினிக்குக்கு வந்து, விடியற்காலையிலேயே இலக்கம் எடுத்துக் காத்திருந்த வாங்குகளில்தான் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். அங்கு பேசிக்கொண்டபோது எங்கள் கதைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்த ஒற்றுமை தற்செயலானதல்ல என்று தோன்றியதால்தான் இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு அனுப்புகின்றோம். எழுவர் சார்பிலும் எழுதும் பொறுப்பு ஒரு தாயாகிய என்னிடம் தரப்பட்டது.

என் மகள் தரம் 4இல் படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு மூன்று கிழமைகளாக, கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலை முதலாம் பாடம் முடியுமுன்பே குடித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த பிள்ளைகளிடமும் வாங்கிக் குடித்திருக்கிறாள். ஒரே பாடவேளையில் மூன்று தடவை வெளியே போகக் கேட்டதற்காக வகுப்பின் பின்பக்கம் எழுப்பி நிறுத்தப்பட்டாள். ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வயதிலேயே அப்பழக்கத்தை விட்டிருந்தவள் மீண்டும் பாயை நனைக்கத் தொடங்கியபோது நானும் ஏசினேன். பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று அவளது அம்மம்மா கோயிலில் நூல் கட்டுவித்தார். சீருடை தொளதொளத்தபோது, வளருகிற பிள்ளை மெலியத்தானே செய்யும் என்று நினைத்து இரு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பின்பு ஓர் இரவு வாந்தியும் வயிற்றுவலியும் கண்டது. அழைத்துச் சென்ற இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து தந்து அனுப்பினார்கள். மறுநாள் காலை அவள் ஓடிக் களைத்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டு, கூப்பிட்டாலும் சரியாகக் கண் திறக்காமல் கிடந்தாள். 1990க்கு அழைத்து, அம்புலன்ஸில் ஏற்றி, பெரிய வைத்தியசாலையில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அளவுமானியால் எண்ணாகக் காட்ட இயலாத உயரத்தில் சீனி இருந்தது. அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அது முதல் நாள் இரவு செய்யப்பட்டிருக்கக்கூடிய பரிசோதனை என்பதே எங்கள் ஆற்றாமை.

தாங்கள் வைத்தியர் என்பதால் இந்நோயைப் பற்றி நாங்கள் தங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆயினும் இம்மனுவின் பிரதி கல்வித் திணைக்களத்துக்கும் செல்வதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியுள்ளது. எங்கள் பிள்ளைகளுக்கு வந்திருப்பது முதலாம் வகை நீரிழிவு. உடலின் நோயெதிர்ப்பாற்றலே வழிதவறி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் ஏற்படுவது இது. ரொபி தின்றதாலோ குளிர்பானம் குடித்ததாலோ வந்ததல்ல. தாய் தகப்பனின் கவனக்குறைவால் வந்ததுமல்ல. இதனை முற்கூட்டியே தடுக்கும் வழி இன்று எம்மிடம் இல்லை, ஆனால் குருதியில் அமிலம் தேங்கி உயிர் ஊசலாடும் கட்டத்துக்குப் போகாமல் தடுக்கும் வழி நிச்சயமாக உண்டு. நீரிழிவு தினத்துக்காக நவம்பர் 14இல் நடக்கும் ஊர்வலங்களில் 'சீனியைக் குறைப்போம், நீரிழிவைத் தவிர்ப்போம்' என்ற பதாகையை என் மகளின் கையிலேயே கொடுத்து நடக்கவிட்டார்கள் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அப்பதாகை இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை பெருமளவு பொருந்தும். அவளைப் பொறுத்தவரை அது செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது.

தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இந்நோய் பிடிபடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அறிகுறி தென்பட்டதிலிருந்து சில கிழமைகளில் முற்றிவிடும் நோயை, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை வரும் பரிசோதனை எப்படிக் கண்டுகொள்ளும்? ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வகுப்பாசிரியர்தான். தாகம், அடிக்கடி சலம் கழித்தல், மெலிவு, சோர்வு ஆகிய நான்கையும் அவரே முதலில் காண்கிறார். ஆனால் அவை ஒழுங்கீனமாகவும் சோம்பலாகவும் அவர் கண்ணில் படுகின்றன. எங்கள் ஏழு பிள்ளைகளில் ஐவர், நோய் கண்டறியப்படுவதற்கு முன்னர் இதே அறிகுறிகளுக்காக வகுப்பில் கண்டிக்கப்பட்டவர்கள்.

இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1991இல் தொடங்கிப் பாடசாலைகளிலும் குழந்தை வைத்தியர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டியை ஒட்டினார்கள். படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால், மிகுந்த தாகம் கொண்டால், நீரிழிவோ என்று பாருங்கள் என்பதே அதன் செய்தி. அதற்கு முந்திய ஆண்டுகளில் புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் 78 வீதமானோர் அமிலம் தேங்கிய நிலையில் வந்துசேர்ந்த அம்மாகாணத்தில், அதன் பின்னான ஆண்டுகளில் அது 12.5 வீதமாகக் குறைந்தது. சுவரொட்டியோடு வைத்தியர்களுக்கு அளவுமானிகளும் கொடுக்கப்பட்டிருந்தன. புதிய கட்டடமோ புதிய நியமனமோ வேண்டாத இத்தகையதொரு முயற்சியை எங்கள் வலயத்திலும் தொடங்குமாறு கேட்கின்றோம். சுவரொட்டி அதிபரின் அறைச் சுவரில் அல்ல, ஆசிரியர் ஓய்வறையிலும் மலசலகூடத்துக்குப் போகும் வழியிலும் இருக்க வேண்டும். வருடத்தின் முதலாம் தவணையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர் வந்து, அரை மணி நேரமாவது ஆசிரியர்களுடன் பேச வேண்டும்.

இதனுடன் சேர்த்து, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, காரணம் தெரியாத சோர்வு ஆகியவற்றில் எதனுடனும் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரல் நுனி இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்ற அறிவுறுத்தலைத் தங்கள் நிர்வாகத்தின் கீழுள்ள எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களுக்கும் எழுத்தில் அனுப்புமாறு வேண்டுகின்றோம். அறிகுறிகளோடு குருதிச் சீனி 100 மில்லிலீற்றருக்கு 200 மில்லிகிராமையோ அதற்கு மேலோ தொட்டால், அப்பிள்ளையை மறுநாள் வரச் சொல்லாமல் அன்றே அனுப்பிவைக்க வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். அளவுமானி இருந்தும், இரத்தத் துளியை இடும் ஸ்ட்ரிப் முடிந்துபோனது என்ற பதிலை நாங்கள் அறிவோம். ஆகவே ஸ்ட்ரிப் இருப்பையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் கண்டறியப்பட்ட பின்னர் தொடங்கும் கரைச்சல் வேறு வகையானது. எங்கள் பிள்ளைகளில் பலர் காலையிலும் இரவிலும், விரைவாகவும் மெதுவாகவும் வேலைசெய்யும் இரு வகைகள் சேர்ந்த கலவை இன்சுலின் ஏற்றுபவர்கள். காலை 6.30க்கு ஏற்றிய ஊசி, இடைவேளை வந்தாலும் வராவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். காலைக்கூட்டம் நீண்டாலோ, தவணைப் பரீட்சை இடைவேளையை விழுங்கினாலோ, இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி வெயிலில் ஒரு மணித்தியாலம் கூடினாலோ, குருதிச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், கடும் பசி, எரிச்சல், கேட்டதற்குப் பொருந்தாத பதில், அதன் பின் மயக்கம் என்ற வரிசையில் அது வரும். இரண்டு மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, சரியாகாவிட்டால் மீண்டும் கொடுத்து, பின்பு பிஸ்கட்டோ இடியப்பமோ சாப்பிடவைத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் விடயம் இது. நினைவிழந்த பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல், ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, உடனே 1990க்கு அழைக்க வேண்டும். இவ்வளவையும் அறிந்த இருவர் ஒரு பாடசாலையில் இருந்தால் போதும். அறியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் குழுவிலுள்ள ஒரு தகப்பனின் அனுபவத்தைச் சொல்லலாம்: கைநடுங்கத் தொடங்கிய அவரது மகன் காற்சட்டைப் பையிலிருந்து ரொபியை எடுத்தபோது, பாடசாலைக்குள் இனிப்புப் பண்டம் கூடாது என்று அது பறிக்கப்பட்டது. ஆரோக்கிய உணவு பற்றிய விதியை அந்த ஆசிரியர் நேர்மையாகத்தான் நிறைவேற்றினார். அந்தப் பிள்ளைக்கு அது மருந்து என்று அவருக்குச் சொல்லும் ஒரு காகிதம் பாடசாலையில் இல்லை.

அந்தக் காகிதத்தையே நாங்கள் கேட்கின்றோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்க அளவிலான பராமரிப்புத் திட்டம் கிளினிக்கில் எழுதப்பட்டு, வைத்தியர், பெற்றோர், அதிபர் ஆகிய மூவரும் ஒப்பமிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வகுப்பு நடக்கும்போதே சிற்றுண்டி சாப்பிடவும், கேட்ட உடன் மலசலகூடம் செல்லவும், தண்ணீர் குடிக்கவும், பரீட்சை மண்டபத்துக்குள் அளவுமானியையும் குளுக்கோஸையும் கொண்டுசெல்லவும் அதில் அனுமதி இருக்க வேண்டும். அதிபரின் அலுவலகத்தில் குளுக்கோஸ் பெட்டி ஒன்றை வைக்கும் செலவை நாங்களே ஏற்கின்றோம். நாளுக்கு நான்கு தடவை ஊசி ஏற்றும் மூத்த பிள்ளைகளும் எம்மிடையே உள்ளனர். பின்நேர வகுப்புக்கு நிற்கும் நாட்களில் அவர்கள் மலசலகூடத்துக்குள் நின்று ஊசி ஏற்றுகின்றார்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாற்காலியும் மறைப்பும் உள்ள மூலை ஒன்று அவர்களுக்குப் போதும்.

இவற்றையெல்லாம் பெற்றோர் பாடசாலைக்குச் சொன்னாலென்ன என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஏழு குடும்பங்களில் மூன்று இன்னும் சொல்லவில்லை. மூன்றும் பெண்பிள்ளைகளின் குடும்பங்கள். சீனி வருத்தக்காரி என்ற பெயர் ஊரில் பரவினால் நாளை கலியாணப் பேச்சு வரும்போது என்னாகும் என்ற பயம் அவர்களுடையது. அப்பயம் தேவையற்றது என்று நான் வாதாடிப் பார்த்தேன், வெல்லவில்லை. எனவே பராமரிப்புத் திட்டம் பூட்டிய கோப்பில் இருக்குமென்றும், அதிபரும் வகுப்பாசிரியரும் பயிற்றப்பட்ட இருவரும் தவிர வேறெவரும் பார்க்க மாட்டார்களென்றும் தங்கள் கடிதமே உறுதியளித்தால், அவர்களும் முன்வருவார்கள் என நம்புகின்றோம்.

கிளினிக்கில் இன்சுலின் இலவசமாகக் கிடைப்பதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் நாளுக்கு நான்கு தடவை பரிசோதிக்கச் சொல்லும்போது மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப் தேவைப்படுகிறது. அவற்றை வெளியில்தான் வாங்குகின்றோம். கூலிக்கு வயல் வேலை செய்யும் வீட்டில் அது நான்கிலிருந்து இரண்டாகி, பின்பு பிள்ளைக்கு முடியாமல் வரும்போது மட்டும் என்றாகிவிடுகிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்காவது கிளினிக்கில் ஸ்ட்ரிப் வழங்க ஏதேனும் ஒதுக்கீடு செய்ய முடியுமா என ஆராயுமாறு வேண்டுகின்றோம். மார்கழியில் வெள்ளம் வந்து வீதிகள் மூழ்கும் காலத்தை நினைத்து, கார்த்திகைக் கிளினிக்கிலேயே இரண்டு மாத இன்சுலினைத் தருவதும், அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் அவசர இருப்பொன்றை வைப்பதும் எமக்கு மிகப் பெரிய ஆறுதலாக அமையும். மின்சாரம் இல்லாத நாட்களில் நாங்கள் ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்துச் சமாளித்திருக்கிறோம். அது சில நாட்களுக்குத்தான் சரிவரும்.

இம்மனு ஏழு பிள்ளைகளுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. மலசலகூடத்தின் நிலையைக் கண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்து சலக்கடுப்போடு வீடு திரும்பும் மாணவிகள் எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கின்றார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பவன் படிப்பில் கள்ளன் அல்ல, கண் தெரியாதவனாக இருக்கலாம். மேசையில் தலைவைத்துப் படுப்பவள் இரத்தச்சோகை உள்ளவளாக இருக்கலாம். வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று யன்னலால் எறிபவர்களை நாங்கள் அறிவோம். இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பின்பு கொடுத்து, உடனே தேநீர் குடிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எறிவது குறையும். மருத்துவப் பரிசோதனையில் கண்ணுக்கோ பல்லுக்கோ அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்மையில் போனார்களா என்று அடுத்த தவணையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெயர்ப்பட்டியலோடு வந்து கேட்க வேண்டும், ஏனெனில் ஒரு நாள் கூலியை விட்டு வாவியைக் கடந்து வர எல்லோராலும் முடிவதில்லை. தரம் 7, 10 பரிசோதனைகளில், நிறை கூடிய பிள்ளைகளின் பிடரியில் அழுக்குப் போலத் தோன்றும் கருமையையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்த்துக் குளி என்று ஏசப்படும் அந்தக் கருமை, தடுக்கக்கூடிய இரண்டாம் வகை நீரிழிவுக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

சிற்றுண்டிச்சாலைகளைப் பற்றி ஒன்று மட்டும். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்குச் சிவப்பு அடையாளம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. பாடசாலை மதிலுக்குள் அதை மதிக்கின்றார்கள். வாசலுக்கு எதிரேயுள்ள கடையில் அதே போத்தல் குளிரக் குளிரக் கிடைக்கிறது. அக்கடைக்காரரோடு பேசக்கூடியவர் அதிபரல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரே.

இக்கோரிக்கைகள் குறித்துப் பேசத் தங்கள் பணிமனையும் வலயக் கல்விப் பணிமனையும் சேர்ந்து, அடுத்த தவணை தொடங்குமுன்னர் எமக்கு ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். பராமரிப்புத் திட்டத்தின் மாதிரியொன்றை நாங்களே தமிழில் எழுதி இத்துடன் இணைத்துள்ளோம். வைத்தியர்கள் திருத்தித் தந்தால் பிரதியெடுக்கும் செலவு எங்களுடையது. ஆசிரியர்களுக்கான வகுப்பில் அளவுமானியைப் பிடித்துக் காட்ட ஆள் தேவையெனில், இப்போது தரம் 6இல் படிக்கும் என் மகள் தானே வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
இன்சுலின் ஏற்றும் பிள்ளைகளின் பெற்றோர் எழுவர் சார்பில்,
படுவான்கரை, மட்டக்களப்பு.

இணைப்பு: மாதிரிப் பராமரிப்புத் திட்டம், 1 பக்கம், பெற்றோர் எழுவரின் ஒப்பங்கள், 1 பக்கம்.