பிறப்பு, இறப்புத் தேதி முரண்: திருத்த மனு எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாஸ்போர்ட், வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று எதற்குப் போனாலும் பழைய பிறப்பு, இறப்புத் தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஜாதகத்தில் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று. உடனே ‘பதிவேடு தப்பு’ என்று முடிவுகட்டித் திருத்த மனு எழுதிவிடுகிறார்கள். டெல்டா மாவட்டங்களின் பழைய ஏடுகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல நேரம் இரண்டுமே சரிதான். நாளை எண்ணும் விதம்தான் வேறு.

ஒரே ஒரு நாள் இடித்தால் முதலில் பிறந்த நேரத்தைப் பாருங்கள். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. ஜாதகத்தில் ‘புதன்கிழமை, உதயாதி நாழிகை 52’ (சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை) என்றிருந்தால், நாழிகைக்கு 24 நிமிடம் வீதம் 20 மணி 48 நிமிடம். உதயம் காலை 6 மணி என்று கொண்டால் பின்னிரவு 2.48. பதிவேட்டுக்கு அது வியாழன். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பக் குறிப்புகளில் கணக்கு நேர் எதிர். அங்கே பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் தொடங்கிவிடும். வியாழன் இரவு எட்டு மணிக்கு மௌத்தானவரை (இறந்தவரை) ‘வெள்ளி இரவு’ மௌத் என்றுதான் குறிப்பார்கள். பதிவேட்டில் வியாழன் தேதி இருக்கும். ஆகவே தேதியோடு கிழமையையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள் தேதியை மறந்தாலும் கிழமையை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை போரை முன்னிட்டு இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் இரவு 12.30-க்குப் பிறந்த குழந்தைக்குப் பழைய மணி 11.30-தான், அதனாலும் ஒரு நாள் மாறும்.

ஓர் ஆண்டு இடித்தால் சந்தேகம் தமிழ் வருஷத்தின் மேல் போக வேண்டும். விஜய வருஷம் 1953 ஏப்ரலில் பிறந்தது. ஆனால் விஜய வருஷத்துத் தை, மாசி 1954-இல் வருகின்றன. மார்கழியின் பின்பாதியும் அப்படியே. ‘விஜய என்றால் 1953’ என்று அந்த ஆண்டு ஏட்டை மட்டும் தேடச் சொன்னால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றுதான் கிடைக்கும். அதைக் காட்டி, தாமதப் பதிவுக்கு ஆணை பெற்று, புதிதாக ஒரு பதிவும் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருவருக்கே இரண்டு பிறப்புப் பதிவுகள்! இதிலிருந்து மீள்வது மிகக் கடினம். தேடல் மனுவிலேயே முன்னும் பின்னும் ஓர் ஆண்டு சேர்த்துக் கேளுங்கள். கூடுதல் ஆண்டுக்குக் கூடுதல் கட்டணம், அவ்வளவுதான். நிலக் கணக்கில் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) இருந்தாலும் இதே கவனம் வேண்டும். பசலி 1363 என்பது 1953 ஜூலை 1 முதல் 1954 ஜூன் 30 வரை.

இனி ஏட்டுக்கே வருவோம். கிராம முன்சீப் (பழைய ஊர் நிர்வாக அதிகாரி) காலத்துப் பதிவேட்டில் பதிந்த தேதி, பிறந்த அல்லது இறந்த தேதி என இரண்டு கலங்கள் உண்டு. தலையாரியோ வெட்டியானோ வந்து சொன்ன பிறகே பலவும் எழுதப்பட்டன. நகல் எடுப்பவர் கலம் மாறிப் பார்த்தால் பதிந்த நாள் பிறந்த நாளாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உங்கள் பதிவுக்கு மேலும் கீழும் பத்துப் பதிவுகளைப் பாருங்கள். பதிந்த தேதிகள் வரிசை எண்ணோடு சீராக ஏறும். பிறந்த தேதிகள் முன்னும் பின்னுமாகக் கிடக்கும். சான்றில் உள்ள தேதி அந்தச் சீரான வரிசையில் கச்சிதமாகப் பொருந்தினால், அது பதிந்த நாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்தாறு பதிவுகளுக்கு ஒரே தேதி என்றால், ஒரே உட்காரலில் மொத்தமாக எழுதியிருக்கிறார்கள்.

‘ஷை’ (மேற்படி) குறியையும் கவனியுங்கள். மாதத்தையும் வருஷத்தையும் ஒருமுறை எழுதிவிட்டுக் கீழே ‘ஷை’, ‘ஷை’ என்றே போட்டுப் போவார்கள். டிசம்பர் முடிந்து ஜனவரி தொடங்கும் பக்கத்தில் பழைய வருஷமே தொடர்ந்துவிடுவது உண்டு. வீட்டுக் குறிப்புகளில் தமிழ் எண் இருந்தால் ௨௰௩ என்பது 23. முதலிலுள்ள ௨ மங்கிப்போனால் ௰௩, அதாவது 13 ஆகிவிடும்.

பள்ளித் தேதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காகச் சேர்க்கையின்போது சொல்லி எழுதியது அது. அதை வைத்துப் பதிவேட்டைத் திருத்த முயல்வது தலைகீழான வேலை.

பிறப்போ இறப்போ நிகழ்ந்த இடத்து ஏட்டில்தான் பதிவு இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றால் தாயின் ஊர் ஏடு. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிறந்திருந்தால் தஞ்சை நகர ஏடு. குழந்தையின் பெயர்க் கலம் பெரும்பாலும் காலியாக இருக்கும் என்பதால் தந்தை, தாய் பெயரை வைத்தே தேடுங்கள். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளின் பழைய பதிவுகள் தஞ்சாவூர் மாவட்டம் என்ற தலைப்பில்தான் இருக்கும். காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிரெஞ்சுப் பதிவு. அதில் தேதியைச் சொல்லால் எழுதியிருப்பதால் எண் குழப்பம் இல்லை. ஆனால் பலவற்றில் முதல் வரியில் வருவது அறிவித்த நாள், பிறந்த நாள் அதற்குப் பின்னால் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிழை உறுதியானால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். மூலப் பதிவை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. ஓரத்தில் திருத்தம் எழுதி, பதிவாளர் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசித் திருத்திய பக்கத்தைப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும்போது தேதியை மட்டும் தட்டச்சு செய்து நிறுத்திவிடாமல், ஓரக் குறிப்புகள் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். சான்றில் நிகழ்ந்த நாள், பதிந்த நாள் இரண்டையும் ஏட்டின் பக்க எண்ணோடு தெளிவாக அச்சிட வேண்டும். காவிரிக் கரை ஈரத்திலும் கரையானிலும் காகிதம் நொறுங்கிவருகிறது. தொகுதிகள் உதிர்ந்துபோகும் முன் இந்த வேலை தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை.