கிராண்ட் ரோடு கொட்டகையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையின் பழைய அரங்குகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த ராயல் ஓபரா ஹவுஸிலிருந்து கதையைத் தொடங்குகிறது. அதற்கு 65 ஆண்டுகள் முன்பே, மும்பை வணிகரும் வள்ளலுமான ஜகந்நாத் சங்கர்சேட் அளித்த நிலத்தில் 1846-இல் எழுந்த கிராண்ட் ரோடு நாடகக் கொட்டகையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆங்கிலேயர் பொழுதுபோக்குக்கென்று அமைந்த அந்த மேடையில் 1853-இல் மராத்தி நாடக முன்னோடி விஷ்ணுதாஸ் பாவே மராத்தி நாடகங்களை நடத்தினார். அதே ஆண்டில், பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்த பார்சிகளும் அங்கே ருஸ்தம், சொஹ்ராப் கதையை (தந்தை அறியாமல் தன் மகனையே கொன்றுவிடும் பாரசீகக் காவியக் கதை) அரங்கேற்றி, நாடகம் முடிந்ததும் ஒரு கேலிக்கூத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். ஒரே டிக்கெட்டில் கண்ணீரும் சிரிப்பும்!

இதில் தமிழருக்கு என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பின்னாளில் பார்சி குழுக்கள் சென்னைப் பக்கம் வந்து போனதில், அவர்களுடைய ஓவியம் தீட்டிய திரைகளும் ஆர்மோனியப் பாட்டும் நம் நாடக மேடையிலும் ஒட்டிக்கொண்டன. என் தாத்தா மாட்டுங்காவுக்குக் கொண்டுவந்த, அட்டை கிழிந்த நாடகப் பாட்டுப் புத்தகத்தில் பல பாடல்களின் தலைப்பில் 'பார்சி மெட்டு' என்றே அச்சிட்டிருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது கிராண்ட் ரோடுக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை