பொதுக் காணிகளில் பறவைக்கும் இடம் எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்க் கண்ணாடிக் கதவில் ‘டொப்’பென்று ஏதோ மோதியது. போய்ப் பார்த்தால் ஓர் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து, இருட்டில் வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் தெளிந்து பக்கத்து வளவுக்குள் பறந்துவிட்டது. இந்தியாவின் வடக்கிலும் நடுவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்கு இங்கே வந்து சித்திரை வரை தங்கும் குருவி அது.

அந்த வளவு ஒரு பொதுச் சங்கத்தின் காணி. இரண்டு பலா, ஒரு ஜாம் மரம், கீழே கணுக்கால் புதையும் சருகு. அந்தச் சருகைக் கிளறித்தான் ஆறுமணிக் குருவி பூச்சி புழு பொறுக்கும். தை மாதம் மரங்களைத் தறித்து, வாகனம் நிறுத்தக் கொங்கிறீட் போட்டார்கள். அதற்கான கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எத்தனை கார் நிறுத்தலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. அந்த மரங்களில் என்னென்ன வாழ்கின்றன என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கூட ஒருவரிடமும் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மனவருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகான, தியசரு பூங்கா, தலங்கம குளம் என்று நாம் பெருமைப்பட இடங்கள் இருக்கின்றன. ஆனால் பறவை பூங்கா மதிலோடு நின்றுவிடுவதில்லை. இடையில் அது இறங்கி இளைப்பாறும் மரங்கள் கோவில் வளவுகளிலும் பாடசாலைகளிலும் சங்கக் காணிகளிலும் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் நம் பரிபாலன சபைகளும் அறங்காவலர்களும்தான்.

அமெரிக்காவில் 60 வீதத்துக்கு மேற்பட்ட நிலம் தனியார் கையில் இருக்கிறது. அங்கே நிலக் காப்பு அறக்கட்டளைகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. காணிக்காரர் காணியைத் தானே வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். ஆனால் அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்து அறக்கட்டளையோடு ஒப்பந்தம் எழுதிவிடுவார். காணி யார் கைக்கு மாறினாலும் அந்த எழுத்து அதைத் தொடரும். இந்த அறக்கட்டளைகளுக்கு உதவவென்றே கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் ஒரு தனித் திட்டம் நடத்துகிறது. எந்தப் பறவைக்கு எந்தக் காணி முக்கியம் என்று பார்க்க வரைபடங்கள், அயலவரைச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டிகள், சிறு மானியங்கள் என்று பலதும் கொடுக்கிறார்கள். 1970இலிருந்து வட அமெரிக்காவில் சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அப்படி ஒரு கணக்கு நமக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

எழுத்தில் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஊரவர்கள், ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதைப் பொறுக்காமல், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய்ப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சபைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மரத்தில் கத்தி வைக்குமுன் ஒரு மாதம் காலையில் பத்து நிமிடம் நின்று, வருகிற பறவைகளை எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் (eBird) கைபேசிச் செயலி இலவசம். பாடசாலைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். பட்ட கொம்பு, ஆள் நடக்கும் இடத்துக்கு மேலே இல்லையென்றால், அப்படியே விடுங்கள். குக்குறுவான் அதைக் குடைந்து கூடு வைக்கும். அது விட்டுப்போன பொந்தில் அப்புறம் மைனா குடிவரும். வளவின் ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள். டெங்குப் பயத்தில்தான் எல்லாவற்றையும் கூட்டி எரிக்கிறோம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டையிலும் யோகட் கப்பிலும் அடைபட்ட பீலியிலும் தேங்கிய தண்ணீரில். அவற்றை வாரம் தவறாமல் அகற்றுங்கள். இந்த ஒழுங்குகளைச் சபை யாப்பில் ஒரு பிரிவாக எழுதிவிட்டால், அடுத்த நிர்வாகம் வந்தாலும் நிற்கும்.

வழிகாட்ட ஆட்களும் இருக்கிறார்கள். இலங்கைக் களப் பறவையியல் குழு 1976இலிருந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்குகிறது. நமக்குக் குறைவது தமிழில் கையில் கொடுக்க ஒரு தாள். என் பேத்திக்கு ஆங்கிலத்தில் பிட்டா என்று சொல்லத் தெரிகிறது, ஆறுமணிக் குருவி தெரியவில்லை. புலுனி, செண்பகம், கானாங்கோழி, நத்தைகுத்தி நாரை என்று வாரம் ஒரு பறவையைப் படத்தோடும் நம் ஊர்ப் பெயரோடும் உங்கள் சிறுவர் பக்கத்தில் போடுங்கள், ஐயா. அதை வெட்டி எங்கள் தொடர்மாடி அறிவித்தல் பலகையில் நான் ஒட்டுகிறேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்கும் கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி