வாளியில் கும்மி தட்டிய அக்காவுக்கு

தெருவில் உள்ள அனைவருக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

அம்மாவின் அல்சைமர் மறதிநோயால் இந்த வருஷம் எங்கள் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. அம்மா இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார். அந்த நிம்மதியில்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்கும் அக்காவுக்கு. அம்மாவைக் குளிக்க வைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. தண்ணீரைக் கண்டாலே கத்துவார், கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு, "தன்னானே நானே" என்று மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். இருவருக்கும் மானாமதுரைப் பக்கம்தான் ஊர். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்து வளர்ந்தவர்கள். அம்மாவின் பிடி தளர்ந்தது. ஒரு காலை எடுத்து வைத்தார். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அப்புறம் நீளமாக ஒரு குலவை! என் பெயரை மறந்துவிட்ட அம்மாவுக்குக் குலவை மறக்கவில்லை. அக்கா பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்ற, அம்மா முனகக்கூட இல்லை. பணம் கொடுத்தேன். "ஆத்தாவுக்குச் செய்யிறதுக்குக் காசா?" என்று தள்ளிவிட்டார்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அல்சைமர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில். தாளத்தையும் பழகிய அசைவையும் கவனிக்கும் சிறுமூளை போன்ற பகுதிகள் இன்னும் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கும் என்றார். நோயை இது குணமாக்காது என்பதையும் சொன்னார். டிவியை அணைத்துவிட்டு, இளவயதுப் பாட்டாக ஒன்றை மட்டும், நிதானமான தாளத்தில் பாடுங்கள்; முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள் என்பது அவர் யோசனை. அப்படித்தான் செய்கிறோம்.

ராத்திரியில் கூப்பிட்டதும் ஓடிவந்த ஆட்டோக்காரத் தம்பி, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தை, கடனுக்கு மருந்து தந்த அண்ணன், டோலக்கை இரவல் கொடுத்த பஜனைக் குழுவினர், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். மறதிநோய் உள்ளவர்கள் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடுகிறது. அதனால் இனி சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் கும்மி உண்டு. அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வாருங்கள். எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன்.