பிஸ்கட் டின்னில் கிடக்கும் பாட்டுகள்

சிங்கப்பூரில் ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழாவுக்காகக் கூடி உழைக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு பாடகரின் பெயரை அனுப்பப் பார்த்தேன். படிவத்தில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என மூன்று கட்டங்கள். ஒன்றில்தான் குறியிடலாம். எதில் போடட்டும் என்று கேட்டேன். “லாரி ஓட்டுறவன்னு கட்டம் இருக்கா பாரு தம்பி” என்றார்.

பொய்யில்லை, பகலில் லாரிதான். தேசிய சேவை முடித்த கையோடு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிட்டாரோடு உட்கார்ந்தவர். அக்கம்பக்கத்தார் போலிசைக் கூப்பிடும்வரை பாடுவார். மெட்டும் அவரே, வரியும் அவரே, ராப்பும் அவரே. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண மேடைகளில் அறிவிப்பாளர். நாடகம் ஒன்றுக்குத் தலைப்புப் பாட்டு எழுதிக் கொடுத்தார், பெயர் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதக் கற்றுக்கொடுத்தார். ‘அண்டர்கிரவுண்ட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். தேக்காவில் டீ குடிக்கும்போது பக்கத்து மேசைக்காரருக்கு அவரை யாரென்று தெரியாது. அவ்வளவுதான் அதன் பொருள்.

இதே ஊரில் கிறிஸ் ஹோ இருந்தார். ஸர்க்கான் லவுஞ்ச் குழுவோடு 1983இல் ‘ரீகல் விகர்’ இசைத்தட்டை வெளியிட்டவர். பாடகர், வானொலிப் படைப்பாளர், பத்தி எழுத்தாளர், நூலாசிரியர் என்று எந்தக் கட்டத்திலும் அடங்காதவர். 2021இல் மறைந்தபோது அவரைப் பற்றி எழுத ஆட்களும் இருந்தார்கள், எடுத்துக்காட்ட இசைத்தட்டும் பழைய பத்திரிகைகளும் இருந்தன. நம் அண்ணன்மார்களுக்கு என்ன இருக்கிறது?

இணையத்தில் இருக்குமே என்பீர்கள். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின என்று மைஸ்பேஸ் இணையத்தளம் 2019இல் கைவிரித்தது. ஐந்து கோடிக்கும் மேல் என்றார்கள். அண்ணன் கதை அதைவிடச் சாதாரணம்: ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. மிச்சம் இருப்பவை ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும் ஒன்பது சிடிக்களும் இரண்டு கேசட்டுகளும். வீட்டுக் கணினியில் பதிவுசெய்த சிடி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

புத்தகங்கள் அழியாமல் பாதுகாக்க நாம் ஏற்பாடு செய்திருக்கிறோம். 2015இல், நாட்டின் ஐம்பதாம் ஆண்டில், தொண்டூழியர்கள் சேர்ந்து இங்குள்ள தமிழ் எழுத்தாளர்களின் 300க்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்திடம் கொடுத்தார்கள். பாட்டுக்கு அப்படி ஒரு கை நீளவில்லை என்பதே என் குறை.

பெரிய விழா வேண்டாம். அடுத்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் இரண்டு மேசை போடுங்கள். கேசட், சிடி, வரி எழுதிய நோட்டு, எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லுங்கள். அங்கேயே பதிவுசெய்து, யார் வாசித்தார்கள், எந்த ஆண்டு, எந்த வீட்டு அறையில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். படிவத்தில் மட்டும் கட்டம் போடாதீர்கள். வெற்று வரிகளாக விடுங்கள்.

அண்ணனைக் கூட்டிவர நான் பொறுப்பு. சனிக்கிழமை அரைநாள்தான் அவருக்கு வேலை, இரண்டு மணிக்கு மேல் வைத்தால் நல்லது. கேசட் பிளேயர் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடையது நாடாவைத் தின்கிறது.

அன்புடன்,
ஈசூன்வாசி ஒருவன்